அழித்த பிறகும் போய்ச் சேர்ந்தவை

பயிற்சி வகுப்பைப் பள்ளி விட்ட பிறகு வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அன்றைய தெம்பை வகுப்பறைகளிலேயே தீர்த்துவிட்டு வந்தவர்கள். கம்ப்யூட்டர் அறையில் ஏ.சி. ஓடியது. அதைத் தவிர அங்கே யாரையும் இழுக்கும்படி ஒன்றும் இல்லை. கணக்கு சார் இருப்பதிலேயே பெரிய மானிட்டராகப் பார்த்து அதன் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பயிற்சியாளர் முன்னால் நின்று, பாஸ்வேர்டு மறந்தவர்கள் கை தூக்கலாம் என்றார். பாதி அறை கை தூக்கியது.

மொழி ஆசிரியை தூக்கவில்லை. அவர் பாஸ்வேர்டை மறக்கவில்லை. இன்னும் வைக்கவே இல்லை.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கேள்வி மிஸ். கட்டுரை நோட்டில் அவர் 'நன்று' என்றோ 'தவறு' என்றோ எழுதியதை யாரும் பார்த்ததில்லை. ஓரத்தில் பச்சை மையில் ஒரு கேள்வி இருக்கும், அவ்வளவுதான். "மழை பெய்தது என்கிறாய். நீ எங்கே நின்றாய்?" "அப்பா நல்லவர் என்கிறாய். அன்று என்ன செய்தார்?" கேள்விக்குப் பதிலெழுதி நோட்டைத் திருப்பி நீட்டினால் அதற்கு இன்னொரு கேள்வி வரும். சில நோட்டுகளில் ஓரம், கட்டுரையைவிடச் சுவாரஸ்யமாக இருக்கும். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால்கூட 'ஏன்?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்பது ஆசிரியர் அறையில் கணக்கு சார் அடிக்கடி சொல்லும் ஜோக். கேள்வி மிஸ்ஸும் ஒவ்வொரு முறையும் சிரித்து வைப்பார்.

இந்த வருடம் நிர்வாகம் பிள்ளைகளுக்கு டேப்லெட் வாங்கியது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. இனிமேல் எழுத்து வகுப்பு திரையில்தான். பிள்ளைகள் திரையில் எழுத வேண்டும், ஆசிரியர்கள் திரையில் திருத்த வேண்டும். பயிற்சியை முடிக்காதவர்களும் முடித்தும் சரியாக நடத்தாதவர்களும் இலக்கணத்துக்கும் தேர்வுப் பயிற்சிக்கும் மாற்றப்படுவார்கள்; எழுத்து வகுப்பு வேறொருவருக்குப் போகும்.

போனால் போகட்டுமா என்று கேட்டால் அவரால் சட்டென்று பதில் சொல்லியிருக்க முடியாது. மணிக்கட்டு வலிக்கிறது. நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் நடுப்படியில் ஒருமுறை நிற்க வேண்டியிருக்கிறது. கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போகிறது, பிள்ளைகளின் கையெழுத்து இறங்கிக்கொண்டே போகிறது. இலக்கணத்தில் விடை ஒன்றுதான். டிக் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் நாள் முழுக்கக் கடிகாரத்தைப் பார்க்காமல் அவர் நடத்தும் வகுப்பும் அந்த எழுத்து வகுப்பு ஒன்றுதான்.

அதனால் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். மவுஸ் ஓடும் இடத்துக்கெல்லாம் தலையும் ஓடியது. பயிற்சியாளர் பொறுமையான மனிதர். முன்பு எங்கோ தட்டச்சு நிலையம் நடத்திக்கொண்டிருந்தவர். அது மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்தவர். ஒரே விஷயத்தை எத்தனை முறை கேட்டாலும் முதல் முறை சொல்வது போலவே சொல்வார். "உடையாது மேடம், பயப்படாம அழுத்துங்க" என்பது அவருடைய மந்திரம்.

பிடித்துப்போன விஷயங்களும் இருந்தன, அதை மறைப்பதற்கில்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடிந்தது. சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு திருத்த முடிந்தது. முதல் நாள் நோட்டுக் கட்டு இல்லாமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தபோது எதையோ வகுப்பிலேயே விட்டுவிட்ட மாதிரி இருக்க, பாதி வழியில் நின்று பையைத் திறந்து பார்த்தார். குடையும் டிபன் டப்பாவும் மட்டும் இருந்தன. நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

இங்கே அவருடைய ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பச்சை மைக் கேள்வி எடுத்த எடுப்பில் வருவதில்லை. முதலில் பென்சில். வாயில் வருவதையெல்லாம் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுவார். "இதை எழுதும்போது தூங்கினாயா?" "இதே வரியைப் போன மாதமும் எழுதினாய், அப்போதும் பொய்தான்." எழுதியது நோட்டின் ஓரத்தில் உட்கார வேண்டும், உட்கார்ந்து அவரைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அது எவ்வளவு கடுமை என்று அவருக்கே உறைக்கும். உடனே ரப்பர். தூசியை ஊதிவிட்டு, பச்சைப் பேனாவை எடுப்பார். எரிச்சல் இறங்கிய இடத்தில் கேள்வி வரும். கல்யாணமான புதிதில், எழுதி எழுதி அழிப்பானேன் என்று கணவர் கேட்டிருக்கிறார். பென்சில் எனக்கு, பேனா பிள்ளைக்கு என்று பதில் கிடைத்தது.

திரையில் வந்த முதல் கட்டுரைகளை அவர் வீட்டில் சாயங்கால வெளிச்சத்தில் திருத்தினார். தலைப்பு: நான் காத்திருந்த ஓர் இடம். கணவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். அன்றைக்கு வார ஓய்வு. எதிரே உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். கேள்வி மிஸ் கமெண்ட் பெட்டியைத் திறந்து, வாயில் வந்ததை அடித்து, 'பதிவிடு' என்ற பொத்தானை அழுத்தினார். அழுத்தாவிட்டால் அது ஓரத்தில் போய் உட்கார மாட்டேன் என்றது. உட்கார்ந்ததும் படித்தார். கடுமையாக இருந்தது. அழித்தார். கேள்வியை எழுதினார். ரப்பர் தூசி இல்லை, காகிதம் கிழியவில்லை. இது நல்லா இருக்கே என்று கணவரிடம் சொல்லவும் செய்தார்.

மறுநாள் வகுப்பில் ஏதோ சரியில்லை. சிலர் அளவுக்கு மீறி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சிலர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் எழுந்து, தான் தூங்கவில்லை என்றும் கரண்ட் போனதால்தான் சீக்கிரம் முடித்துவிட்டதாகவும் விளக்கம் கொடுத்தான். யார் கேட்டது என்று அவருக்குப் புரியவில்லை. அவன் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் ரகம் என்று நினைத்து உட்காரச் சொல்லிவிட்டார்.

மதியம் தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. மேஜையில் ஒரு தாள் இருந்தது. மாணவன் ஒருவனின் அப்பா, மகனின் போனில் வந்ததை அச்செடுத்து நேரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தாளில் இருந்தது ஒரே வரி: "இது உன் அண்ணன் எழுதியது போலிருக்கிறது. உன் அண்ணனும் சுமார்தான்."

"டீச்சர், இது நீங்க எழுதினதா? இல்ல மெஷின் எழுதினதா?"

"நான் எழுதினதுதான். ஆனா அழிச்சிட்டேனே."

பயிற்சியாளரை வரவழைத்துக் கேட்டார்கள். அவர் சங்கடத்துடன் விளக்கினார். 'பதிவிடு' பொத்தானை அழுத்திய அந்த நொடியே கமெண்ட் அந்தப் பிள்ளையின் போனுக்குத் தகவலாகப் போய்விடும். பிறகு திரையில் அழித்தால் திரையில்தான் அழியும், போனது போனதுதான். ஆக, வகுப்பு மொத்தத்துக்கும் முதலில் பென்சில் போயிருக்கிறது. பின்னாலேயே பச்சை மை போயிருக்கிறது.

கேள்வி மிஸ் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். யார் யாருக்கு என்னென்ன எழுதினோம் என்று மனசு ஓட ஆரம்பித்தது. ஓரிடத்தில் போய் இடறி நின்றது.

பயிற்சியாளர் ஒரு யோசனை சொன்னார். "சிஸ்டம் எரர்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடலாம் மேடம். டெஸ்ட்டுக்கு வச்சிருந்த வாசகம் தப்பா போயிடுச்சுன்னு. யாரும் துருவிக் கேக்க மாட்டாங்க."

தலைமை ஆசிரியை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் எழுத்தில் வேண்டும் என்றார். மெஷினின் தப்பு என்றால் இது இத்தோடு முடிந்தது. ஆசிரியரின் தப்பு என்றால் சுற்றறிக்கைப்படி எழுத்து வகுப்பை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டிவரும்.

வெளியே வராந்தாவில் நடக்கும்போது அவருக்கு அழுகை வரவில்லை. கொட்டாவி வந்தது. உண்மையை எழுதிக் கொடுத்தால் வகுப்பு போய்விடும். கையும் கண்ணும் பிழைக்கும். நேர்மைக்கு நேர்மை, ஓய்வுக்கு ஓய்வு. அப்படியே விட்டுவிடலாம் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார்.

ஆனால் மனசு இடறிய இடம் விடவில்லை. வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். கூடப் படிப்பவர்கள் அவளை ஒருவரி என்று கூப்பிடுவார்கள். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் ஒரே வரிதான் எழுதுவாள். கேள்வி கேட்டால் இன்னும் ஒரு வரி. நோட்டில் இத்தனை காலமும் அப்படித்தான். இந்த முறையும் "நான் ஆஸ்பத்திரியில் காத்திருந்தேன்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்திருந்தாள். அதன் ஓரத்தில் இவர் முதலில் அடித்தது: "இந்த ஒரு வரிகூட எதற்கு?"

அன்று பள்ளி விட்டதும் கம்ப்யூட்டர் அறைக்குப் போனார். போன கமெண்ட்டைப் பிள்ளையின் போனிலிருந்து எப்படியாவது திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் பயிற்சியாளர். என்ன நடந்தது என்று காட்ட மட்டும் முடியுமாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது. எழுதியது, அழித்தது எல்லாம் நேரவாரியாக அதில் கிடக்கும். எந்தப் பக்கம் என்று கேட்டார். இவர் ஒருவரியின் பெயரைச் சொன்னார்.

திரையின் வலப்பக்கம் நீளமாக ஏதோ இறங்கியது. பயிற்சியாளர் ஒன்றைத் தொட்டார். ஒரு வரி இருந்த பக்கத்தில் ஒரு முழுப் பத்தி முளைத்தது.

ஆஸ்பத்திரிக் கதவின் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருந்ததாம். தலைகீழாக ஒட்டியிருந்தார்களாம். உள்ளே அம்மா. வெளியே இவள், தலையைச் சாய்த்து அந்தத் தாளைப் படித்திருக்கிறாள். வீடு விற்பனைக்கு, மூன்று அறைகள், காற்றோட்டமானது. அதில் எந்த அறையை அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று யோசித்திருக்கிறாள். ஜன்னல் இருக்கிற அறை என்றால் அம்மாவுக்குச் சளி பிடிக்கும். ஜன்னல் இல்லாத அறை என்றால் அம்மா யாரைத் திட்டுவாள், தெருவே தெரியாதே.

"நிறுத்துங்க" என்றார் கேள்வி மிஸ்.

பயிற்சியாளர் கையை எடுத்தார்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "இன்னும் கொஞ்சம் கீழ போங்க" என்றார்.

கீழே இன்னும் இருந்தது. அதன் பிறகு அழிப்பு ஆரம்பித்தது. மொத்தமாகப் பிடித்து அழிக்கவில்லை. கடைசி வாக்கியத்திலிருந்து பின்வாங்கிப் பின்வாங்கி, ஒவ்வொரு வாக்கியமாக, கடைசியில் ஒரே வரி மிஞ்சும் வரை அழித்திருக்கிறாள்.

நோட்டுப் புத்தகத்தில் அவருக்கு எப்போதும் மிஞ்சியதுதான் கிடைத்தது. அதைத்தான் அவர் அவளுடைய எழுத்து என்று நினைத்து, அதன் மேல் கேள்வியாகக் கேட்டுத் தள்ளியிருக்கிறார். இந்தச் சனியன் பிடித்த பெட்டி இல்லாவிட்டால் இது அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்துகொண்டது சரியா என்றும் தெரியவில்லை. நான் அழித்ததை அவள் படித்தாள் என்று மதியம் முதல் எனக்கு நெஞ்சு எரிகிறது, இப்போது அவள் அழித்ததை நான் படித்திருக்கிறேன் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவருக்கு அதே ஓட்டம்.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. வகுப்பை விட்டுவிடலாம் என்ற எண்ணம் போய்விட்டது. இப்போது வகுப்பு வேண்டும். வேண்டும் என்றால், எழுத வேண்டியது சிஸ்டம் எரர்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே கணவர் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "எழுதிக் குடுத்துடு. டிப்போல வண்டி லேட்டானா நாங்க டிராஃபிக்னுதான் எழுதுவோம்."

"டிராஃபிக் இருந்துச்சா?"

"ஊர்ல எங்கயாவது இருக்கும்ல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் முதல்முறையாக. ஆனாலும் மெஷின் மேல் பழியைப் போட்டால், ஒருவரியிடம் பேசவே முடியாது என்று கணவருக்கு விளக்க முயன்றார். மெஷின் சொன்னது என்றால் யாரிடம் கோபித்துக்கொள்வாள்? பட்டன் தைத்த சட்டையை மடித்துக்கொண்டே கணவர், நீ எப்படியும் தூங்கப்போவதில்லை, எதையாவது எழுதிவிட்டுப் படு என்றார்.

வெள்ளிக்கிழமையன்று முதல் வகுப்பே எழுத்து வகுப்பு. ப்ரொஜெக்டரில் தன்னுடைய கமெண்ட்டுகளின் ஹிஸ்டரியை, யாருக்கு எழுதியது என்பதை மறைத்துவிட்டு, அழித்தது அழிக்காதது எல்லாவற்றோடும் போட்டார். மறைக்கப் பயிற்சியாளர்தான் சொல்லிக்கொடுத்தார். அதற்கே ஒரு மணி நேரம் பிடித்தது. பென்சில் பழக்கத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொன்னார். இதெல்லாம் நான் எழுதியதுதான், மெஷின் இல்லை, எழுதிய நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன், அடுத்த நிமிடம் நினைக்கவில்லை என்றார். மன்னிப்பும் கேட்டார். பிள்ளைகளுக்கு இது பிடித்திருந்தது. தங்களுடையதைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் இருப்பவனை இடித்துக்கொண்டார்கள். தூங்காதவன், தனக்கு எழுதியதுதான் இருப்பதிலேயே பெஸ்ட் என்று எல்லோரிடமும் பெருமையடித்தான்.

பிறகு அவர் இரண்டாவது விஷயத்தைச் சொன்னார். இதே மாதிரி நீங்கள் அழித்ததையும் நான் பார்க்க முடியும். தலைமை ஆசிரியையும் பார்க்க முடியும். பிடிக்காதவர்கள் முதலில் வேறெங்காவது எழுதிவிட்டு, பிறகு இங்கே கொண்டுவந்து போடலாம்.

சத்தம் சட்டென்று நின்றது. நடு வரிசையிலிருந்து ஒருவரி எழுந்தாள்.

"என்னோடத பாத்தீங்களா மிஸ்?"

"பாத்தேன்."

"முழுசாவா?"

"முழுசா."

அவள் டேப்லெட்டின் உறையை மூடினாள், திறந்தாள். "அது அழிச்சது மிஸ்."

"நான் உனக்கு எழுதினதும் அழிச்சதுதான்மா. ரெண்டு பேரும் பாக்கக்கூடாதத பாத்துட்டோம்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் கோபமா, வேறெதாவதா என்று அவரால் படிக்க முடியவில்லை. மணி அடிக்கும் வரை அவள் நிமிரவே இல்லை.

விளக்கக் கடிதத்தைத் தலைமை ஆசிரியை நின்றபடியே படித்தார். படித்துவிட்டு உட்கார்ந்தார்.

"தப்பு என்னோடதுன்னும் எழுதியிருக்கீங்க, கிளாஸ் எனக்கே வேணும்னும் எழுதியிருக்கீங்க. ரெண்டுல ஒண்ணு எழுதியிருந்தா எனக்கு வேலை சுலபம் டீச்சர்."

"எனக்கும்தான் மேடம்" என்றார் இவர்.

வகுப்பு தப்பியது. ஆனால் அது கடிதத்தால் அல்ல. இந்த விஷயம் ஆசிரியர் அறையில் பரவியதிலிருந்து மற்ற மொழி ஆசிரியர்கள் யாரும் கமெண்ட் பெட்டியைத் தொடவே இல்லை. எல்லாக் கட்டுரைக்கும் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நல்ல பிள்ளைகளாக இருந்தார்கள். வகுப்பை மாற்றிக் கொடுக்கலாம் என்று கேட்டுப் பார்த்ததில் ஒருவருக்குக் கழுத்து வலி, ஒருவருக்கு வீட்டில் நெட் வரவில்லை. ஆக, வருடக் கடைசி வரை கேள்வி மிஸ்ஸே நடத்தலாம். இரண்டு நிபந்தனைகள். அவர் போடும் ஒவ்வொரு கமெண்ட்டும் தலைமை ஆசிரியைக்கும் ஒரு பிரதி போகும். புகார் கொடுத்த அப்பாவிடம் அவரே பேச வேண்டும்.

பேசினார். அப்பா முதலில் விறைப்பாகத்தான் இருந்தார். இவர் கேட்ட மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். போனை வைக்கப் போகும் நேரத்தில் குரலைத் தாழ்த்தி, பெரியவனின் எழுத்து நிஜமாகவே சுமாராகத்தான் இருந்ததா என்று விசாரித்தார். கேள்வி மிஸ் என்ன சொல்வது என்று யோசித்து, ஆமாம் என்றார். வீட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு அவர் போனை வைத்தார்.

வேலை குறையவில்லை, இரட்டித்தது. பாதிப் பிள்ளைகள் இப்போது முதலில் தாளில் எழுதுகிறார்கள், அதையும் கொண்டுவந்து காட்டுகிறார்கள். பையில் மறுபடியும் காகிதம் ஏறிவிட்டது; டேப்லெட் தனிக் கனம். மணிக்கட்டு வலி கட்டைவிரல் வரை வந்திருக்கிறது. வாயில் வருவதை இனிமேல் எங்கே எழுதுவது என்ற பிரச்சினைக்கு, சத்தமாகச் சொல்லிவிடுவது என்று ஒரு வழி கண்டார். கணவர் எதிரே இருக்கும் நாளில் அது அவர் காதில் விழும். இன்னைக்கு யாரு மாட்டினா என்று அவர் கேட்பார். இவர் யார் என்று சொல்ல மாட்டார்.

அடுத்த தலைப்பு, பூட்டியிருந்த ஒரு கதவு. ஒருவரியின் பக்கம் கெடு முடிய இருந்த சாயங்காலம் வந்தது. இரண்டு பத்திகள். கேள்வி மிஸ்ஸின் கை தானாக ஹிஸ்டரியின் மேல் போய் நின்றது. தொடலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கி, தொட்டார். ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. வேறெங்கோ எழுதி, எங்கோ அழித்து, முடித்ததை மட்டும் மொத்தமாகக் கொண்டுவந்து இங்கே ஒட்டியிருக்கிறாள். அழித்தது எதுவும் இவருக்குக் கிடையாது.

மூடிவிட்டு, வந்ததைப் படித்தார். பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்ததாம்; பக்கத்து வீட்டு அக்கா சாவியைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லையாம். அதோடு நின்றுவிட்டது. நல்ல இடத்தில் நின்றிருந்தது. அல்லது பயந்து நின்றிருந்தது. எது என்று சொல்ல முடியவில்லை.

கேள்வியை மனதுக்குள் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு அடித்தார்: "அக்கா எங்கே பார்த்தாள்?" பொத்தானை அழுத்தும் முன் இன்னொரு முறை படித்தார். அழுத்தினார்.

கண்ணாடியைக் கழற்றி மூக்கின் மேல் பதிந்த தடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பதில் வந்துவிட்டது. நோட்டுக் காலத்தில் பதில் வர ஒரு வாரமாவது ஆகும்.

"யோசிக்கணும் மிஸ். திங்கக்கிழமை எழுதவா?"

சரி என்று அடித்து அனுப்பினார். இன்னும் பாதி வகுப்பு மிச்சம் இருந்தது. மணிக்கட்டை ஒருமுறை உதறிவிட்டு அடுத்த பக்கத்தைத் திறந்தார்.